கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வி

"வேற ஏதாச்சும் கேக்கணுமாம்மா?"

"ஒண்ணுமில்லீங்கத்தை."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இப்ப கேட்டா நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். கேக்காம மனசுல வச்சுக்கிட்டு, பின்னாடி மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னேன்னா, அப்பத்தான் எனக்குக் கோவம் வரும்."

"நிஜமாவே ஒண்ணுமில்லீங்கத்தை."

"சரி, அப்ப இந்தக் காப்பியையாவது குடி. ஆறிப்போய்க் கெடக்கு."

ஐந்து வருஷத்துக்கு முன், நிச்சயதார்த்தத்தன்று, மன்னார்குடி மண்டபத்தின் சாமான் அறையில் நடந்த பேச்சு இது. வரப்போகும் மாமியார் கண்ணாத்தாள் பாத்திர அடுக்குகளுக்கு நடுவில் தமிழ்நிலாவைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தி, கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுக் கேட்டாள். அன்றைக்கே தமிழ்நிலாவின் நாக்கு நுனியில் ஒரு கேள்வி இருந்தது. ஆறிய காப்பியோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

கேள்வி இதுதான்: என் அம்மாவை நான் வாழப்போகும் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

அம்மா வேதநாயகிக்கு அவள் ஒரே பெண். அப்பா போன பிறகு வேதாரண்யத்தில், கஜா புயல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனபின் தகரம் போட்ட வீட்டில், அம்மா தனியாக இருந்தாள். உப்பு பாக்கெட் போடும் கொட்டகையில் வேலை. பையனைப் பெற்றவளாக இருந்தால் பையன் வீட்டுக்குப் போயிருப்பாள், யாரும் ஒரு வார்த்தை சொல்லப் போவதில்லை. பெண்ணைப் பெற்றவள் சம்பந்தி வீட்டில் ஒரு ராத்திரி தங்குவதையே அவர்கள் பக்கத்தில் கௌரவக் குறைச்சலாக நினைத்தார்கள். யாரும் சட்டம் போட்டு எழுதி வைத்தது இல்லை. ஆனால் வேதநாயகி அதைச் சட்டத்தைவிடப் பெரிதாகக் கடைப்பிடித்தாள்.

இந்த ஐந்து வருஷத்தில் அவள் பெண்ணைப் பார்க்க வந்ததெல்லாம் ஒரே மாதிரிதான். விடிகாலை பஸ் ஏறி, திருத்துறைப்பூண்டியில் ஒரு பஸ், மன்னார்குடியில் ஒரு பஸ் மாறி, வடுவூரைத் தாண்டி இறங்கும்போது மணி பத்தரை ஆகும். கையில் காய்ந்த கருவாடும் முருங்கைக்காயும். மத்தியானச் சாப்பாடு. மூன்றரை பஸ்ஸுக்கு மூன்று மணிக்கே எழுந்து நின்றுவிடுவாள்.

"இருந்துட்டுக் காலையில போலாமே சம்பந்தி," என்று கண்ணாத்தாள் சொல்வாள்.

"இல்லீங்க சம்பந்தி, கோழி அடைக்கணும்."

கோழி செத்து இரண்டு வருஷம் ஆன பிறகும் கோழியை அடைக்க வேதநாயகி ஓடிக்கொண்டிருந்தாள்.

தமிழ்நிலா கேட்கவில்லையே தவிர, சும்மாவும் இருக்கவில்லை. கல்யாணமான மறுவருஷம் கொல்லைப் பக்கத்து விதைநெல் அறைக்கு ஒரு ஜன்னல் வைத்தாள். நெல்லுக்குக் காற்றுப் பட வேண்டும் என்றாள். அடுத்த வருஷம் கொல்லையில் மேல்நாட்டு முறையில் உட்காரும் கழிப்பறை ஒன்று கட்ட வைத்தாள். அத்தைக்கு முழங்கால் வலி என்றாள். அதற்கடுத்த வருஷம் தஞ்சாவூரிலிருந்து ஒரு மரக்கட்டில் வந்து இறங்கியது. விருந்தாளி வந்தால் படுக்க வேண்டாமா என்றாள். எல்லாம் ஒவ்வொன்றாக, யாருடைய இடமும் மாறாமல், யாருடைய பழக்கமும் குலையாமல் நடந்தன. கணவன் செழியன் காலையில் பேப்பர் படிக்கும் நாற்காலி அங்கேயே இருந்தது. நாத்தனார் செம்மொழி போட்டித்தேர்வுக்குப் படிக்கும் அறையை யாரும் தொடவில்லை. அத்தையின் அடுப்படி அத்தையின் கையில்தான் இருந்தது. எல்லாம் தயாராகிவிட்டால் ஒரு நாள் கேட்காமலேயே நடந்துவிடும் என்று தமிழ்நிலா நினைத்திருக்க வேண்டும். கட்டில் மேல் இரண்டு வருஷமாக நெல்மூட்டைதான் படுத்திருந்தது.

தை மாதம் பத்தாம் தேதி வாக்கில், ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் போன் அடித்தது. அம்மாவின் பக்கத்து வீட்டு ஆமினா.

"தமிழு, நான் சொன்னேன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லிடாதே. என்னைத் தோலை உரிச்சுத் தொங்க விட்டுடுவாங்க."

"என்னக்கா ஆச்சு?"

"கொட்டகையில வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு ஒடைஞ்சு போச்சு. மாவுக்கட்டு போட்டிருக்காங்க. இன்னியோட பதினோரு நாள் ஆச்சு. நான்தான் தலை வாரி விடறேன். நேத்து நான் வர லேட்டாச்சு, இடது கையால கஞ்சி வடிக்கப் போயி கால்ல ஊத்திக்கிட்டாங்க. அதான் மனசு கேக்கல."

தமிழ்நிலா உடனே அம்மாவைக் கூப்பிட்டாள். ஆமினா பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

"அந்த ஆமினா வாயில உப்பைக் கொட்ட," என்றுதான் அம்மா ஆரம்பித்தாள்.

"பதினோரு நாளா தினமும் பேசறே. ஒரு நாளாச்சும் சொன்னியாம்மா?"

"நீ நல்லா இருக்கியான்னு கேட்டே, நல்லா இருக்கேன்னு சொன்னேன். கை நல்லா இருக்கான்னு கேட்டியா?"

"விளையாடாதே. நான் வந்து கூட்டிக்கிட்டு வரேன். இங்க வந்து இரு."

"சம்பந்தி வீட்டுல போயி ஒக்காந்துக்கிட்டு, அந்தம்மா சோறு போட, நான் இடது கையால திங்கணுமா? ஊரு என்ன பேசும்? அவங்க வீட்டுல நீ எதுவும் கேட்டுடாதே தமிழு. கேட்டு வாங்கின இடத்துல என்னால இருக்க முடியாது."

"அவங்களா கூப்பிட்டா?"

மறுமுனையில் பாத்திரம் ஒன்றை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அவங்க ஏன்டி கூப்பிடப் போறாங்க? அவங்களுக்குத்தான் எதுவும் தெரியாதே," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, பால்காரர் வந்துவிட்டார் என்று போனை வைத்தாள். காலை ஒன்பதே காலுக்கு எந்தப் பால்காரர் வருகிறார் என்று தமிழ்நிலாவுக்குத் தெரியவில்லை.

அன்றைக்குப் போய் உட்கார்ந்துதான் ஆபீசில் அவள் ஒரு தப்புச் செய்தாள்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கிறது அந்த ஆபீஸ். பதினோரு பேர். அறுப்பு மிஷின் வைத்திருப்பவர்களையும், அறுவடைக்குக் காத்திருக்கும் வயல்களையும் சேர்த்து வைப்பதுதான் அவர்கள் எழுதிய மென்பொருளின் வேலை. அதன் நடுநாயகமாக ஃபங்ஷன் என்கிற நிரல்துண்டு ஒன்று உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் தமிழ்நிலாவே எழுதியது. ஊர் எது, எத்தனை ஏக்கர் என்று இரண்டே இரண்டு விஷயத்தை அதனிடம் சொன்னால் போதும். எந்த மிஷின், எந்த நாள், எத்தனை மணிக்கு வரும் என்று பதில் சொல்லிவிடும். செல்போன் ஆப் அதைத்தான் கேட்கும். கூட்டுறவுச் சங்கத்துக் கம்ப்யூட்டர்களும் அதைத்தான் கேட்கும். டிரைவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் நிரலும், சாதா போன் வைத்திருக்கும் விவசாயிகள் கூப்பிடும் போன் லைனும்கூட அதையேதான் கேட்கும். பக்கத்து மேஜை ஃபாஜில் ஒரு நாள் பொழுது போகாமல் எண்ணிப் பார்த்து, அறுபத்து மூன்று இடங்களிலிருந்து அதைக் கூப்பிடுகிறார்கள் என்றான். அதில் பாதி இவர்கள் எழுதியதே இல்லை. வெளியாட்கள் எழுதியது, இவர்கள் நினைத்தாலும் திருத்த முடியாது.

இப்போது அந்த ஃபங்ஷனிடம் மூன்றாவதாக ஒன்று சொல்ல வேண்டி வந்தது. வயல் ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? காய்ந்த வயலுக்கு டயர் வண்டி போதும். ஈர வயலில் டயர் வண்டி இறங்கினால் புதைந்துவிடும். அதற்கு ராணுவ டாங்கி மாதிரி உருளும் பெல்ட் வண்டி வேண்டும். இத்தனை நாளும் மிஷின்காரர்கள் டயர் வண்டி மட்டும்தான் பதிந்து வைத்திருந்தார்கள். இந்தப் பருவம் பெல்ட் வண்டிகளும் சேர்ந்திருந்தன.

சிறிய வேலைதான். ஆனால் அம்மாவின் மாவுக்கட்டு மனசில் ஓட, தமிழ்நிலா அந்த மூன்றாவது விஷயத்தைக் கொண்டுபோய் நடுவில் செருகிவிட்டாள். ஊர், மண், ஏக்கர். விவசாயி வாயால் சொல்லும்போது அந்த வரிசையில்தானே சொல்வார் என்று தோன்றியது.

ஃபாஜில் சோதனைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைச் சுழற்றித் திரும்பினான்.

"நிலாக்கா, மிஷின்காரங்க மேல உங்களுக்கு ஏதாச்சும் பழைய கோவமா?"

"ஏன்டா?"

"ஒரத்தநாட்டுல நாப்பது பேருக்கும் ஒரே வண்டி, ஒரே நாள், ஒரே காலை ஆறு மணி. நாப்பது பேரும் வரப்புல நிப்பாங்க. மிஷினைத்தான் நாப்பது துண்டாப் பிரிக்கணும்."

தமிழ்நிலாவுக்கு உடனே புரிந்துவிட்டது. பழைய இடங்கள் எல்லாம் பழைய வரிசையிலேயே ஊரையும் ஏக்கரையும் அனுப்பிக்கொண்டிருந்தன. இரண்டாவதாக வந்த ஏக்கர் கணக்கை இது மண் என்று எடுத்துக்கொண்டது. ஏக்கர் இருக்க வேண்டிய இடம் காலி. பூஜ்யம் ஏக்கர் அறுக்கப் பூஜ்யம் நிமிஷம்தானே, அதனால் எல்லாருக்கும் காலை ஆறு மணி.

"இது சோதனையிலதானே?" என்றாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

"சோதனையிலதான். இல்லேன்னா இந்நேரம் கீழ கண்ணாடிக்கடை வாசல்ல கடப்பாரையோட நின்னிருப்பாங்க. பழைய ஆளுங்களுக்கு நடுவுல புது ஆளைப் புடிச்சுத் தள்ளினா இப்படித்தான்க்கா. கடைசியில நிக்க வைங்க. வந்தா வரட்டும், வராட்டி பழையபடி நடக்கட்டும்."

அப்படியே செய்தாள். மண் எப்படி என்பது மூன்றாவதாக, கடைசியில் போய் நின்றது. அதைச் சொன்னால் கேட்டுக்கொள்ளும். சொல்லாவிட்டால் காய்ந்த மண் என்று தானாகவே வைத்துக்கொள்ளும். இத்தனை நாளும் அப்படித்தானே நடந்தது. சாயங்காலம் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். அறுபத்து மூன்று இடத்துக்கும் பழைய பதிலே எழுத்துப் பிசகாமல் வந்தது. திரையில் எல்லாம் சரி என்று வரிசையாகப் பச்சை. ஆப்பில் மட்டும் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது, ஈரம் என்று தொட.

"ஒருத்தருக்கும் எதுவும் நடந்ததே தெரியாது," என்றான் ஃபாஜில் பாராட்டாக. பிறகு, "போன் லைன்ல மூணாவது கேள்வி சேர்க்கலையா?" என்று கேட்டான்.

போன் லைனில் பேசுவது தமிழ்நிலாவின் குரல். பதிவு செய்த அன்று ஆபீசில் தொண்டை கட்டாத ஒரே ஆள் அவள்தான். ஊர் எண்ணை அழுத்தவும், ஏக்கரை அழுத்தவும், நன்றி. ஆறு வருஷமாக டெல்டா முழுக்க வயசானவர்கள் அந்தக் குரலுக்குப் பதில் அழுத்திப் பழகியிருந்தார்கள்.

"அறுப்பு முடியட்டும்டா. புதுசா ஒண்ணு கேட்டாக் குழம்பிப்போயி போனை வச்சிடுவாங்க. பாவம், அவங்களை ஏன் தொந்தரவு பண்ணணும்?"

அன்று சாயங்காலம் செழியன் வண்டியில் அழைத்துப்போக வந்தான். கும்பகோணத்தில் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவன்; தஞ்சாவூர் வழியாகத்தான் வீடு திரும்புவான். அவன் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு அம்மாவின் கையைப் பற்றிச் சொன்னாள். வண்டி வேகம் குறைந்து, ஒரு புளியமரத்தடியில் நின்றே விட்டது.

"காலையிலேயே ஏன் போன் பண்ணலே?"

"நீங்க வகுப்புல இருப்பீங்க."

"வகுப்புல இருந்தா? பசங்க சந்தோஷமா வெளிய போயிருப்பாங்க." திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். "நாளைக்கே போய் கூட்டிக்கிட்டு வந்துடலாம். நான் அம்மாகிட்ட பேசறேன்."

"வேண்டாங்க."

"ஏன்?"

"நீங்க கேட்டா, உங்களுக்காகச் சரின்னு சொல்லுவாங்க. அப்பறம் எங்கம்மா ஒவ்வொரு வாய் சோறு திங்கறப்பவும் மகனை முந்தானையில முடிஞ்சுட்டாளேன்னு அத்தைக்குத் தோணும். தோணாட்டியும் தோணுதோன்னு எங்கம்மாவுக்குத் தோணும். நான்தான் கேக்கணும்."

"அப்ப கேளேன்."

"கேக்கறேன்."

"இதையே போன வருஷமும் சொன்னே."

செழியன் கையைப் பின்னால் நீட்டி அவள் முழங்காலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினான். "எங்கம்மாவைப் பார்த்து ஊரே பயப்படும். ஆனா அவங்களுக்குக் கொம்பு கிடையாது, நான் தேடிப் பார்த்திருக்கேன்," என்றான் காற்றோடு காற்றாக.

வீட்டுக்குப் போனால் அத்தை கொல்லையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தில் தாளம் தப்பாத சத்தம். வாயைத் திறக்கப் போனவளிடம், "சனிக்கிழமை அறுப்புக்குப் போன் போட்டுட்டேன். ஒன் குரல்தான் பேசுச்சு. ஆபீஸ்ல எவ்வளவு மரியாதையாப் பேசறே, வீட்டுல பேசறதுக்கென்ன?" என்று சிரித்தாள். மருமகள் அங்கேயே வேலை பார்த்தாலும், தன் வயலுக்குத் தானே போன் போட்டு மிஷின் சொல்வதில் கண்ணாத்தாளுக்குத் தனிப் பெருமை. சிரித்த முகத்தைக் கலைக்க மனம் வராமல் தமிழ்நிலா உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை மழை பிடித்தது. தை மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை. வெள்ளி மத்தியானம்வரை விட்டு விட்டு அடித்தது. கதிர் முற்றிச் சாய்ந்திருந்த வயல்களில் தண்ணீர் நின்றது. சனிக்கிழமை வெயில் சுள்ளென்று வந்ததும், "இன்னும் ரெண்டு நாள் விட்டா கதிர்லயே முளைச்சுப் போயிடும்," என்று அத்தை விடியும் முன்பே வயலுக்குப் போய்விட்டாள். தமிழ்நிலாவுக்கு விடுமுறை. அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றும்போது செம்மொழி ஓடி வந்தாள்.

"அண்ணி, மிஷின் நம்ம வயல்ல புதைஞ்சு போச்சு. அம்மா உங்களைக் கூட்டியாரச் சொன்னாங்க. நல்ல மூட்ல இல்ல."

போய்ப் பார்த்தால், ஒன்றரை ஏக்கரின் நடுவில் பச்சை நிற டயர் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அச்சு வரைக்கும் சேற்றில் உட்கார்ந்திருந்தது. டிரைவர் வரப்பில் குந்தி பீடி பற்ற வைத்திருந்தார். செழியன் டிராக்டரும் இரும்புச் சங்கிலியும் கொண்டுவரப் போயிருந்தான். பத்துப் பன்னிரண்டு கொக்குகள் வண்டியைச் சுற்றி ஆய்வு நடத்திக்கொண்டிருந்தன. புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள் கண்ணாத்தாள்.

"வாம்மா. ரெண்டு நாளா மழை பேஞ்சது இந்தக் கொக்குக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. ஒன் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

"ஈரம்னு சொன்னாத்தாங்கத்தை பெல்ட் வண்டி வரும். சொல்லாட்டி டயர் வண்டிதான் வரும்."

"யாருகிட்ட சொல்லணும்?"

"ஆப்ல..."

"எனக்கு ஏது ஆப்பு? போனைப் போட்டேன். வியாழக்கெழமை ராவு மழையைப் பாத்துட்டு, வெள்ளிக்கெழமை காலையில இன்னொரு வாட்டியும் போட்டேன், ஏதாச்சும் மாத்திக் கேப்பியான்னு. ஊரு நம்பரை அழுத்துன்னே, அழுத்தினேன். ஏக்கரை அழுத்துன்னே, அழுத்தினேன். நன்றின்னு சொல்லி வச்சுட்டே. பொண்ணு கேக்கும் கேக்கும்னு போனைக் காதுலயே வச்சுக்கிட்டு நின்னேன். ஈரமா இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"கேக்கலீங்கத்தை."

"ஏன் கேக்கலே?"

"புதுசாக் கேட்டா உங்களை மாதிரி உள்ளவங்களுக்குக் குழப்பமாயிடும், தொந்தரவா இருக்கும்னு..."

"எங்களுக்குத் தொந்தரவுன்னு நீயா முடிவு பண்ணிட்டியாக்கும்?" கண்ணாத்தாள் சேற்றிலிருந்து ஒரு காலைப் பிடுங்கி வரப்பில் வைத்தாள். "அம்பது வருஷமா ஆத்துல தண்ணி வருமா வராதான்னு தெரியாமலே நாத்து விடற ஆளுங்க நாங்க. ஒரு கேள்விக்கா குழம்பிடுவோம்? கேட்டிருந்தா ஒரு பட்டனை அழுத்தியிருப்பேன். நீ கேக்காததுக்கு நான் என்னத்தைச் சொல்ல முடியும், சொல்லு."

பக்கத்தில் நின்ற செம்மொழி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைவரும் பீடிப் புகைக்கு நடுவில் தலையை ஆட்டினார். தமிழ்நிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சாய்ந்து நின்ற மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்து மூன்று இடத்தையும் கலைக்காமல் செய்த வேலை. வரிசையாகப் பச்சை. ஒருவருக்கும் எதுவும் தெரியாமல் செய்தது எவ்வளவு சரியோ, தெரிய வேண்டியவர்களுக்கும் தெரியாமலே போனது அவ்வளவு தப்பு. கொல்லை அறையின் ஜன்னல் ஞாபகம் வந்தது. மூட்டை படுத்திருக்கும் கட்டில் ஞாபகம் வந்தது.

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து ஃபாஜிலைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை காலைத் தூக்கம் கலைந்த குரலில் அவன் "அக்கா, யாரு கடப்பாரையோட வந்தா?" என்றான்.

"எங்க மாமியார். போன் லைன்ல மூணாவது கேள்வியைச் சேர்த்துடு. இப்பவே."

"குரல்?"

"பதிவு பண்ணி அனுப்பறேன், இரு."

போனை வாய்க்கருகில் பிடித்தாள். முதல் தடவை டிரைவர் இருமினார். இரண்டாம் தடவை கொக்கு கத்தியது. மூன்றாம் தடவை கண்ணாத்தாள் எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லிக் கையமர்த்த, தமிழ்நிலா சொன்னாள்: "உங்கள் வயல் ஈரமாக இருந்தால் ஒன்றை அழுத்தவும். காய்ந்திருந்தால் எதுவும் அழுத்த வேண்டாம்."

செழியன் டிராக்டரோடு வந்து, சங்கிலி கட்டி, நாலு தடவை இழுத்து, மிஷின் கரையேறுவதற்குள் பதினொரு மணி ஆகிவிட்டது. அதற்குள் ஃபாஜிலிடமிருந்து செய்தி வந்தது. எல்லாரும் சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்ததும், கண்ணாத்தாள் முதல் வேலையாகக் கையைத் துடைத்துக்கொண்டு தன் பட்டன் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். ஊர். ஏக்கர். பிறகு மருமகளின் புதுக்குரல், பின்னணியில் லேசாகக் காற்றுச் சத்தத்தோடு. ஒன்றை அழுத்தினாள். பதில் வந்தது: பெல்ட் வண்டி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி.

"இவ்வளவுதானா? இதுக்கா பயந்தே?" என்றாள்.

பக்கத்து வயல்காரர்கள் நாலு பேருக்கும் தானே போன் போட்டு, மூன்றாவது கேள்வி வந்திருக்கிறது, ஒன்றை அழுத்துங்கள் என்று சொன்னாள். "என் மருமகதான் கேக்கறா," என்று ஒவ்வொருவரிடமும் சேர்த்துச் சொன்னாள்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து ஓய்ந்தார்கள். செழியன் டிராக்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தான். நாளைக்கு வரும் ஈர நெல்லைப் பரப்ப இடம் வேண்டும் என்று கண்ணாத்தாள் கொல்லை அறைக்குள் போனாள். தமிழ்நிலாவும் பின்னாலேயே போனாள். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கட்டில் மேலிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள்.

கடைசி மூட்டையும் இறங்கியதும் கண்ணாத்தாள் மூச்சு வாங்கக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். கையால் பலகையைத் தடவினாள்.

"நல்ல தேக்கு. விருந்தாளிக்குன்னு வாங்கினே. ரெண்டு வருஷத்துல வந்த விருந்தாளி நெல்லுதான். ஜன்னலைக்கூட அதுக்காகத்தான் வச்சே. வேற யாருக்காகவாச்சும் இருந்தா, எனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவில்லை.

தமிழ்நிலா மண்டபத்துச் சாமான் அறையில் நின்ற அதே மாதிரி, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இந்நேரம் வேதாரண்யத்தில் அம்மா இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள். கேட்டு வாங்கின இடத்தில் இருக்க மாட்டேன் என்றாள். ஆனால் அவங்களுக்குத்தான் எதுவும் தெரியாதே என்றும் அவளே சொன்னாள். ரோட்டில் மூன்றரை மணி மன்னார்குடி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கூடத்தில் செழியன் பேப்பரை மடிக்கும் சத்தம் கேட்டு, பிறகு அதுவும் நின்றது. அவன் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அத்தை."

"ம்."

"எங்கம்மா கை ஒடைஞ்சு, பதினஞ்சு நாளா தனியாக் கெடக்கறாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க. நானும் அஞ்சு வருஷமா ஒண்ணு கேக்காமலே இருந்துட்டேன்."

அவள் நிறுத்தவில்லை.

"அவங்களை இங்க கூட்டிக்கிட்டு வரணும். கட்டுப் பிரிக்கிற வரைக்கும்னு இல்லீங்கத்தை. இனிமே எப்பவும், இந்த ரூம்ல, நம்மளோடயே அவங்க இருக்கட்டுமா?"